செய்முறையும் புகழுரையும்: கொரிய இன்சாம் வேரின் வரலாறு

பழைய மருத்துவ நூலொன்றைக் கையிலெடுத்து நோக்குவோர் அதனுள் இருவகைச் செய்திகள் விரவிக் கிடத்தலைக் காண்பர். இன்ன வேரை இன்ன பருவத்தில் அகழ்ந்து, இவ்வாறு அவித்து, இவ்வளவு தேனிற் சேர்த்து உண்க என்பது ஒருவகை. அதனை உண்டார் நரையும் திரையும் நீங்கி நெடுங்காலம் வாழ்வர் என்பது மற்றொருவகை. முன்னது செய்முறை, பின்னது புகழுரை. நூலின்மேற் பற்றுடையோர் இவ்விரண்டையும் ஒருசேர ஏற்கின்றனர். நூலை ஐயுறுவோர் இவ்விரண்டையும் ஒருசேரத் தள்ளுகின்றனர். இவ்விரு சாராரும் பிழைபடுகின்றனர் என்பதற்குக் கொரிய நாட்டின் இன்சாம் வேர் தக்கதொரு சான்றாகும். எண்ணூறாண்டுகளுக்கு மேலாக ஏட்டிலும் வாணிகத்திலும் இடம்பெற்றுவந்த அவ்வேர், கடந்த நூற்றாண்டில் ஆய்வுகூடத்துக்குட் புகுந்தது. அங்கே அது பெற்ற தீர்ப்பு, அதனைப் போற்றியோரும் இகழ்ந்தோரும் எதிர்பாராத ஒன்றாக அமைந்தது.

இன்சாம் என்பது கொரியர் வழங்கும் பெயர். பிற நாட்டினர் அதனைச் சின்செங் என்பர். வேர் கிளைத்து மனித வடிவை ஒத்திருத்தலின் 'மனித வேர்' என்னும் பொருள்பட அப்பெயர் எழுந்தது. தாவரவியலார் இதனைப் பனாக்சு என்னும் சாதியுட் சேர்ப்பர். எல்லா நோயையும் தீர்ப்பது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்றும் லின்னேயசு அமைத்த பெயர் அது. ஆகவே புகழுரை விஞ்ஞானப் பெயரிலும் ஒட்டிக்கொண்டது எனலாம். குளிர்ந்த மலைக்காடுகளின் நிழலில் வளரும் இச்செடி வெயிலைப் பொறாது. சிவந்த சிறு கனிகளைத் தருவது. மிக மெல்ல வளர்வது. பயிரிடுவோர் பந்தலிட்டு நிழல் அமைத்து, நான்கு முதல் ஆறு ஆண்டுகள் காத்திருந்தே வேரை அகழ்வர். ஆறாண்டு வேரே சிறந்ததென்பது கொரியர் கொள்கை.

அவ்வேரைப் பதப்படுத்தும் முறை பற்றிய பழைய செய்தியொன்று 12ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. 1123ஆம் ஆண்டிற் சீனத்துச் சொங் அரசின் தூதுக்குழுவோடு கொர்யோ என வழங்கிய கொரிய நாட்டுக்குச் சென்ற சு ஜிங் என்பார், தாம் கண்டவற்றைத் தொகுத்து நூலொன்று எழுதினார். இன்சாம் பச்சையாக உலர்த்தப்பட்டதும் வெப்பத்தாற் பக்குவப்படுத்தப்பட்டதும் என இருவகைப்படும் என்பது அவர் தரும் செய்தி. பச்சை வேர் வெண்ணிறமானது; மருந்திற் சேர்க்குமிடத்து முழுச்சுவை தருவது; ஆயினும் கோடை கடந்தால் பூச்சி அரித்துவிடும். கொப்பரையிலிட்டுப் பக்குவப்படுத்திய வேரோ நெடுநாள் இருக்கும். ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது யாதெனின், வேரைப் பக்குவப்படுத்துவதற்கு அவர் கூறும் காரணம் மருத்துவக் காரணமன்று என்பதே. பூச்சியினின்று காத்தல் என்னும் பண்டசாலைக் காரணமே அஃது. பிற்காலத்தில் அவித்து உலர்த்திய வேர் செந்நிறம் பெறுதலின் 'ஹோங்சாம்', அதாவது செவ்வேர் எனப்பட்டது. வெறுமனே உலர்த்தியது 'பேக்சாம்', அதாவது வெண்வேர் எனப்பட்டது.

கொரியாவின் மருத்துவ அறிவிற் பெரும்பகுதி சீன நூல்கள் வழியாக வந்தது. அந்நூல்கள் கூறிய மூலிகைகளிற் பல கொரிய மண்ணில் விளைவனவல்ல. அயல்நாட்டிலிருந்து பெரும் பொருள் கொடுத்துப் பெறவேண்டியவை. ஆதலின் உள்நாட்டு மூலிகைகளைக் கொண்டே நோய் தீர்க்கவேண்டும் என்னும் எண்ணம் அங்கே காலந்தோறும் வலுப்பெற்றுவந்தது. செஜோங் மன்னன் காலத்தில் 1433ஆம் ஆண்டு தொகுக்கப்பட்ட 85 ஏடுகள் கொண்ட நாட்டு மருந்து நூல் இவ்வெண்ணத்தின் விளைவே. கொரிய மொழிக்குத் தனி எழுத்து வகுத்து 1446இல் வெளியிட்டவனும் அம்மன்னனே.

இம்மரபின் உச்சியில் நிற்பது ஹோ ஜுன் என்னும் அரண்மனை மருத்துவர் இயற்றிய 'தொங்குயி போகாம்' ஆகும். கீழைநாட்டு மருத்துவத்தின் அரிய ஆடி என்பது அப்பெயரின் பொருள். உயர்குடித் தந்தைக்கு மூத்த மனைவியல்லாதாள் வயிற்றிற் பிறந்தமையால், அக்காலச் சமுதாயத்தில் இழிவாக எண்ணப்பட்ட நிலையிலிருந்து மேலெழுந்தவர் ஹோ ஜுன். 1592ஆம் ஆண்டில் யப்பானியப் படை கொரியாமீது பாய்ந்தது. சொஞ்சோ மன்னன் தலைநகரை விட்டு வடக்கெல்லையிலுள்ள உய்ஜு நகருக்கு ஓடியபோது ஹோ ஜுன் உடன்சென்றார். போரினாலும் பஞ்சத்தாலும் கொள்ளைநோயாலும் நாடு நலிந்துகிடந்த 1596இல், புதிய மருத்துவ நூலொன்றைத் தொகுக்குமாறு மன்னன் அவருக்கும் வேறு சில மருத்துவர்களுக்கும் ஆணையிட்டான். குக்கிராமங்களில் மருத்துவருமில்லை, மருந்துமில்லை. நாட்டில் மூலிகைகள் மலிந்திருந்தும் மக்கள் அவற்றை அறியார். ஆகவே அவற்றை வகைப்படுத்தி, நாட்டுமக்கள் வழங்கும் பெயர்களையும் சேர்த்தெழுதுக என்பது அவ்வாணையின் சாரம்.

அடுத்த ஆண்டே போர் மீண்டும் மூண்டது. உடனுழைத்த மருத்துவர்கள் சிதறினர். பணி ஹோ ஜுன் ஒருவர் தலைமீது விழுந்தது. அரண்மனைச் சேமிப்பிலிருந்த 500 ஏடுகளை மன்னன் அவருக்கு வழங்கினான். 1608இல் மன்னன் இறந்தபோது, அவனைக் காக்கத் தவறினார் என்ற பழி மருத்துவர்மேல் வீழ்ந்தது. ஹோ ஜுன் நாடுகடத்தப்பட்டார். மீண்டுவந்து 1610இல் நூலை நிறைவுசெய்தார். 25 ஏடுகளாக 1613இல் அஃது அச்சேறியது. அகவுறுப்புக்கள், புறவுறுப்புக்கள், பலவகை நோய்கள், மருந்துச் சரக்குகள், ஊசிமருத்துவம் என ஐந்து பகுதிகளாக அமைந்த அந்நூலில், 600க்கும் மேற்பட்ட மருந்துச் சரக்குகளுக்குக் கொரிய எழுத்திலேயே நாட்டுப்பெயர்கள் தரப்பட்டுள்ளன. மக்கட்குப் பயன்படவேண்டும் என்ற நோக்கம் வெறுஞ்சொல்லன்று என்பதற்கு அப்பெயர்களே சான்று. 2009ஆம் ஆண்டில் யுனெசுக்கோ நிறுவனம் இந்நூலை உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது.

அந்நூலின் முற்பகுதியில் 'கியொங்ஓக்கோ' என்னும் இலேகியம் கூறப்படுகின்றது. சீன நாட்டிற் சொங் அரசர் காலத்திலேயே வழங்கிய இம்மருந்தை ஹோ ஜுன் தம் நூலில் முதன்மை தந்து சேர்த்தார். பச்சையான இரமானியாக் கிழங்கு 16 குன் நிறையை இடித்துச் சாறு பிழிந்துகொள்ளல் வேண்டும். இன்சாம் தூள் 24 நியாங். பைன்மர வேரில் வளரும் வெண்பூஞ்சணத் தூள் 48 நியாங். தேன் 10 குன். 16 நியாங் சேர்ந்தது ஒரு குன். இவற்றைக் கலந்து சாடியிலிட்டு வாய்கட்டி, முசுக்கட்டை விறகின் தீயில் மூன்று நாள் இரவும் பகலும் கொதிநீரிடை வைத்துக் காய்ச்சவேண்டும். பின் கிணற்றுநீரில் ஒருநாள் ஆறவிட்டு, மீண்டும் ஒருநாள் காய்ச்சவேண்டும். இத்துணை நுணுக்கமான செய்முறையை அடுத்தே புகழுரை தொடர்கின்றது. நரைத்த மயிர் கறுக்கும், வீழ்ந்த பல் முளைக்கும், 27 வயதிலிருந்து உண்பார் 360 ஆண்டும் 64 வயதிலிருந்து உண்பார் 500 ஆண்டும் வாழ்வர் என்பன அதிற் கூறப்படுவன. ஒரே பக்கத்தில் அளவுகோல் கொண்டு அளந்தவனும் கற்பனைக்கு இடங்கொடுத்தவனும் அருகருகே நிற்கின்றனர்.

இத்தகைய புகழ் வேரின் விலையை ஏற்றியது. விலை ஏற ஏற மலைக்காடுகள் வறிதாயின. அரசுக்குத் திறையாக வேர் செலுத்தும் கடமை மலைநாட்டுக் குடிகளை வருத்தியது. யப்பானில் இவ்வேருக்கு இருந்த வேட்கையை நாணய வரலாறு ஒன்றே உணர்த்தும். அந்நாட்டரசு தன் வெள்ளி நாணயத்திற் கலப்பை மிகுத்தபோது, கொரிய வணிகர் அதனை ஏற்க மறுத்தனர். அதனால் 1710ஆம் ஆண்டில், இன்சாம் வாங்குவதற்கென்றே நூற்றுக்கு எண்பது பங்கு வெள்ளியுடைய தனி நாணயம் ஆங்கு அடிக்கப்பட்டது. ஒரு வேரின்பொருட்டு ஓர் அரசு தனி நாணயம் அடித்தமை வாணிக வரலாற்றில் அரியதொரு செய்தியாகும். பின்னர் எட்டாம் சோகுனாகிய யொசிமுனே, வெள்ளி வெளியேறுதலைத் தடுக்கக் கருதி, கொரியச் செடியைத் தம் நாட்டிலேயே நிக்கோ என்னுமிடத்திற் பயிரிடுவித்தார்.

கொரியாவிலும் 18ஆம் நூற்றாண்டில் வேர்ப்பயிர்ச்செய்கை பரவியது. கேசொங் நகரத்து வணிகர் அதிற் பெருமுதலிட்டனர். 1797இற் செவ்வேரைச் சீனத்துக்குக் கொண்டுசெல்லும் வாணிகத்தை அரசு முறைப்படுத்திற்று. அன்று தொட்டுச் செவ்வேர் அரசின் வருவாய்களுள் ஒன்றாயிற்று. 1908இல் அஃது அரசின் தனியுரிமைப் பண்டமெனச் சட்டம் எழுந்தது. யப்பானியர் ஆட்சியிலும் அதன் பின்னர்த் தென்கொரியாவிலும் அத்தனியுரிமை நீடித்து, 1996இலேயே நீங்கியது. 1950 தொடக்கம் 1953 வரை நிகழ்ந்த போரின் முடிவிற் கேசொங் வடகொரியாவின் வசமாயிற்று. அங்கிருந்து பெயர்ந்த பயிர்ச்செய்கையாளர் கங்குவா தீவு முதலிய இடங்களில் மீண்டும் வேரூன்றினர்.

வேரின் வாணிகம் இவ்வாறு அரசின் காவலில் வளர்ந்தபோதிலும், அதனை வழங்கிய மருத்துவர் நிலை தாழ்ந்தது. யப்பானியர் 1913இல் விதித்த ஒழுங்கின்படி மரபு மருத்துவர் 'மருத்துவ மாணாக்கர்' என்னும் தாழ்ந்த பெயரால் பதியப்பட்டனர். 1951ஆம் ஆண்டுச் சட்டமே அவர்களை மீண்டும் மருத்துவர் என ஏற்றுக்கொண்டது. தம் மரபு நவீன விஞ்ஞானத்தின் முன் நிற்கவல்லது எனக் காட்டும் வேட்கை அவர்களிடை எழுந்ததற்கு இவ்வவமதிப்பும் ஒரு காரணம் எனல் பொருந்தும்.

ஐரோப்பியர் இவ்வேரைச் செவ்வனே அறிந்தது 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். சீனப் பேரரசன் ஆணைப்படி நிலப்படம் வரைந்துகொண்டிருந்த சார்த்து என்னும் இயேசுசபைக் குருவானவர் 1709இற் கொரிய எல்லைக்கு அண்மையிற் செடியைக் கண்டார். தாமே வேரை உண்டும் பார்த்தார். நாடி வலுத்ததாகவும் பசி மிகுந்ததாகவும், குதிரைமேற் சென்று களைத்தபோது உண்ண ஒரு மணி நேரத்தில் களைப்பு நீங்கியதாகவும் 1711இல் எழுதிய கடிதத்திற் குறிப்பிட்டார். ஓய்வினாலேயே களைப்பு நீங்கியதா, வேரினால் நீங்கியதா என்று பிரித்தறிய அவரிடம் வழியில்லை. எனினும் அக்கடிதத்தில் வேறொரு கூர்மையான கருத்து இருந்தது. இதனையொத்த காடும் மலையும் உடைய கனடாவிலும் இச்செடி இருத்தல் கூடும் என்றார் அவர். கடிதத்தைப் படித்த லாபித்தோ என்னும் மற்றொரு குருவானவர் 1716இல் மொன்றியல் நகருக்கு அருகே இதன் இனத்தைச் சேர்ந்த செடியைக் கண்டார். 1784இல் அமெரிக்காவிலிருந்து முதன்முதலாகச் சீனத்துக்குப் புறப்பட்ட வணிகக் கப்பலின் சரக்கிற் பெரும்பகுதி அவ்வமெரிக்க வேராகவே இருந்தது.

ஆய்வுகூடத்தின் கதையும் அமெரிக்க வேரிலிருந்தே தொடங்குகின்றது. 1854இற் கரிகசு என்னும் இரசாயனவியலார் அதிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து அதற்குப் பனாக்குவிலோன் எனப் பெயரிட்டார். ஆயினும் அக்காலக் கருவிகளால் அதற்கு மேற் செல்ல இயலவில்லை. வேரிலுள்ள முக்கிய பொருள்கள் சப்போனின் என்னும் வகையைச் சார்ந்தவை. நீரிற் கலக்கினால் சவர்க்காரம்போல் நுரைப்பவை, ஒன்றையொன்று பெரிதும் ஒத்தவை, பிரித்தற்கு அரியவை. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின்னரே, மென்படை நிறப்பகுப்பு என்னும் முறை அவற்றைப் பிரிக்க வழி திறந்தது. கண்ணாடித் தகட்டிற் பூசிய மெல்லிய படைமீது சாற்றுத் துளியை இட்டு, தகட்டின் அடியைக் கரைப்பானில் நிறுத்தினால், கரைப்பான் மேலேறும்போது ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு வேகத்தில் உடன் ஏறி வெவ்வேறு புள்ளியாக நிற்கும். தோக்கியோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிபாத்தாவும் அவருடன் உழைத்தோரும் 1960களில் அப்புள்ளிகளுக்குச் சின்செனோசைட்டு என்னும் பொதுப்பெயரிட்டு, கீழிருந்து மேலாக எழுத்து வரிசையிற் குறியிட்டு, அவற்றின் மூலக்கூற்று அமைப்பையும் துணிந்தனர். எல்லா நோயும் தீர்க்கும் வேர் இப்போது எண்ணத்தக்க, நிறுக்கத்தக்க பொருள்களின் தொகுதியாயிற்று.

இதே காலத்தில் மருத்துவ விஞ்ஞானத்தில் வேறொரு கருத்து எழுந்தது. உயிரணுக்கள் ஒட்சிசனைப் பயன்படுத்தும்போது, சோடியிழந்த இலத்திரனையுடைய சில துணிக்கைகள் தோன்றுகின்றன. சுயாதீன மூலிகங்கள் எனப்படும் அவை அருகிலுள்ள மூலக்கூறுகளைத் தாக்கிச் சிதைப்பன. மூப்புக்கு அச்சிதைவே காரணமாகலாம் என 1956இல் அமெரிக்கரான ஆர்மன் கூறினார். 1969இல் மக்கோட்டும் பிரிடோவிச்சும் அத்தகைய மூலிகமொன்றை அழிக்கும் நொதியம் உடலிலேயே உண்டெனக் காட்டியபின் இக்கருத்து வலுப்பெற்றது. அம்மூலிகங்களை அடக்கவல்ல பொருள்கள் ஒட்சியேற்ற எதிரிகள் எனப்பட்டன. அவ்வாற்றலை அளக்க எளிய முறையொன்றை 1958இற் புளோயிசு என்பார் வெளியிட்டார். டி. பி. பி. எச். என்னும் சேர்வையின் கரைசல் ஆழ்ந்த ஊதா நிறமுடையது. மூலிகத்தை அடக்கும் பொருள் சேரின் ஊதா மங்கி மஞ்சளாகும். எவ்வளவு மங்கியது என்பதை ஒளியளவிக் கருவியால் அளந்து எண்ணாகக் கூறிவிடலாம். இளமை தரும் என்று பழைய நூல்கள் போற்றிய மூலிகைகளை அளப்பதற்கு இதனினும் எளிய கோல் வேறில்லை எனப் பலரும் கருதியதில் வியப்பில்லை.

கொரிய வேர் அக்கோலால் அளக்கப்பட்டபோது முதல் வியப்புத் தோன்றியது. பெரும்புகழ் பெற்ற சின்செனோசைட்டுக்கள் சோதனைக்குழாயில் மூலிகங்களை நேராக அடக்குவதில் வலிகுன்றியவையாய் இருந்தன. இரண்டாவது வியப்பு அதனினும் பெரிது: அவித்த செவ்வேரின் ஆற்றல் வெண்வேரினதை விஞ்சிநின்றது. 1970களின் இறுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் சியோலில் ஆராய்ந்தோர், ஒட்சியேற்றத்தை எதிர்க்கும் பொருள்களாகப் பீனோலிக்கு அமிலங்கள் சிலவற்றையும் மோல்ற்றோல் என்னும் நறுமணப் பொருளையும் வேரிலிருந்து பிரித்தெடுத்தனர். மோல்ற்றோல் வேரை வெப்பமூட்டும்போது தோன்றுவது. வெல்லமும் அமினோவமிலமும் வெப்பத்திற் கூடிக் கபில நிறம் பெறும் வினையைப் பிரான்சியரான மையார் 1912இல் விளக்கியிருந்தார். பாணின் மேற்றோல் சிவப்பதும் இவ்வினையாலேயே. வேரை அவித்து உலர்த்தும்போதும் அதுவே நிகழ்கின்றது. மேலும் அவித்தலாற் சின்செனோசைட்டுக்களிற் சில தம் வெல்லப் பகுதியை இழந்து, பச்சை வேரிற் காணுதற்கரிய புதுப்பொருள்களாக மாறுகின்றன. பூச்சி அரியாதிருத்தற்பொருட்டு மேற்கொண்ட செய்முறை வேரின் இரசாயன இயல்பையே மாற்றிவிட்டது. தேனோடு பன்னாள் காய்ச்சப்படும் கியொங்ஓக்கோவிலும் இத்தகைய வினைகளுக்கு நிறைய இடமுண்டு. அதன் ஒட்சியேற்ற எதிர்ப்பாற்றலைச் சோதனைக்குழாயிலும் விலங்குகளிலும் அளந்த ஆய்வுகள் கொரியாவில் வெளிவந்துள்ளன.

இவ்வளவிற் செய்முறை வென்றது. ஆயின் புகழுரையும் வென்றது எனக் கொள்ளுதல் பெருந்தவறாகும். ஊதா நிறம் மங்குதல் ஒன்று. மனிதர் நோயின்றி வாழ்தல் மற்றொன்று. உண்ட வேரின் பொருள்கள் அப்படியே குருதியிற் கலப்பதில்லை. சின்செனோசைட்டுக்களைக் குடலில் வாழும் பற்றீரியாக்கள் சிதைத்து வேறு பொருள்களாக்கிய பின்னரே பெரும்பாலும் உடல் ஏற்கின்றது. அப்பற்றீரியாக்களோ ஆளுக்கு ஆள் வேறுபடுவன. சோதனைக்குழாயிற் சாறு செய்வதை உடலினுட் செய்யும் என்பதற்கு உறுதி யாது?

ஒட்சியேற்ற எதிரிகளை மனிதரிற் பரிசோதித்த பெரும் ஆய்வுகள் இவ்வையத்தை உறுதிப்படுத்தின. பின்லாந்தில் 29,133 ஆடவரிடை, அனைவரும் புகைபிடிப்போர், நிகழ்ந்த ஆய்வின் முடிவு 1994இல் வெளிவந்தது. பீற்றா கரற்றீன் என்னும் ஒட்சியேற்ற எதிரியை உண்டோரிடை நுரையீரற் புற்றுநோய் குறையும் என எதிர்பார்க்கப்பட்டது. மாறாக, அது நூற்றுக்கு 18 வீதம் மிகுந்தது. அமெரிக்காவிற் பீற்றா கரற்றீனோடு உயிர்ச்சத்து ஏயையும் கொடுத்து நடத்திய ஒத்த ஆய்வொன்றும் அத்தகைய கேட்டைக் கண்டு 1996இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. உணவுகளின் ஒட்சியேற்ற எதிர்ப்பாற்றலைச் சோதனைக்குழாயில் அளந்து தான் வெளியிட்டுவந்த அட்டவணையை, உடல்நலத்தோடு அவ்வெண்களுக்குள்ள தொடர்பு நிறுவப்படவில்லை என்று கருதி, அமெரிக்க விவசாயத் திணைக்களம் 2012இல் மீளப்பெற்றது. இன்சாமைப் பற்றியும், அஃது உடல்நலமுள்ளோரின் நினைவாற்றலையும் அறிவுத்திறனையும் பெருக்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்றில்லை என்றே 2010இற் கொக்ரேன் அமைப்பினரின் மீளாய்வு முடிவு கூறியது.

ஆயினும் ஆய்வுகூடத்தின் பணி வீணானதன்று. அது மரபுக்குச் செய்த மெய்யான தொண்டு வேறிடத்தில் உள்ளது. விலைமிகுந்த வேருக்குப் பதிலாகப் போலிவேர் விற்கப்படுதல் பழைய காலத்து நோய். இன்று சாற்றிலுள்ள பொருள்களை நிறப்பகுப்பாற் பிரித்து அளந்தால், கொரிய வேர் எது, அமெரிக்க வேர் எது, அவித்தது எது, கலப்படம் எது என்று துணியலாம். ஒரு குடிநீரில் இன்ன பொருள் இவ்வளவு உண்டென அறிந்தாலன்றி, ஈரிடத்து மருத்துவர் கொடுத்த மருந்துகளை ஒப்பிடவே இயலாது. தீங்கையும் அளந்தே அறிதல் வேண்டும். குருதி உறைதலைத் தடுக்க உண்ணும் வாபரின் என்னும் மருந்தின் செயலை அமெரிக்க வேர் குறைக்கின்றது என 2004இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. இச்செய்தி ஹோ ஜுன் அறிந்திருக்க முடியாதது. ஆனால் இன்று அவ்வேரை உண்ணும் முதியோர் அறிந்திருக்கவேண்டியது.

ஆகவே இவ்வரலாற்றினின்றும் பெறத்தக்க முடிபு இது. பழைய நூலின் செய்முறையுள் பல தலைமுறையினர் கைப்பட அறிந்த அறிவு செறிந்துள்ளது. அதனை எள்ளி ஒதுக்குவோர் அவித்த வேரினுள் என்ன நிகழ்ந்தது என்பதை ஒருநாளும் அறிந்திருக்கமாட்டார். அந்நூலின் புகழுரையோ ஒரு வினா மட்டுமே. அதனை விடையெனக் கொள்வோர், பின்லாந்து நாட்டில் நிகழ்ந்ததுபோல், நன்மையென்று கருதித் தீமையை உண்ணவும் கூடும். ஹோ ஜுனுக்கு இடப்பட்ட ஆணை 500 ஆண்டு வாழும் வழியைத் தேடுக என்பதன்று. மருத்துவரில்லாத ஊரிலுள்ள எளியோர் தம் காலடியில் முளைக்கும் செடியை அறிந்து பயன்கொள்ளச் செய்க என்பதே. அந்த வேர் எது, அதில் உள்ளது என்ன, அஃது எவருக்கு உதவும், எவருக்குக் கேடு செய்யும் என்று அளந்து கூறும்போது, இன்றைய ஆய்வுகூடமும் 1596இல் இடப்பட்ட அவ்வாணையையே நிறைவேற்றுகின்றது.